சவுரிராயனின் கழுத்து

சவுரிராயனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் சனிக்கிழமை தவறாமல் அவருக்கு எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருந்தேன் என்பதை நினைத்தால், இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று என் மேலேயே எரிச்சல் வருகிறது.

நான் மணிமாறன். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். ஐம்பது வயதுக்கு மேல் படம் வரையக் கிளம்பியவன். "டாக்டரு நடக்கச் சொன்னாரு, இவரு படம் போடப் போறாரு" என்று என் மனைவி தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லட்டும். கோட்டக்குப்பத்தில் துபாய்க்காரர் ஒருவர் கட்டிப் பூட்டி வைத்திருந்த வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்து, வேணி என்கிற ஓவியர் சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்துகிறார். நாற்பது வயது இருக்கும். நாம் வரைந்ததைப் பார்த்து "இது என்ன, உருளைக்கிழங்கா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறவர். அவரிடம் நாங்கள் ஆறு பேர் திட்டு வாங்கிக்கொண்டிருந்தோம்.

எங்களுக்கு மாடலாக உட்கார்ந்தவர்தான் சவுரிராயன். அறுபத்திரண்டு வயது. விழுப்புரம் ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் இருபத்திரண்டு வருடம் மூட்டை தூக்கியவர். முதுகு இனி முடியாது என்று சொன்ன பிறகு வெள்ளையடிக்கிற வேலைக்குப் போனார். அப்படித்தான் அந்தக் கோட்டக்குப்பம் வீட்டுக்கு வந்தார். மத்தியானம் படிக்கட்டில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தவரைப் பார்த்து வேணி, "உங்களைப் படம் வரையலாமாண்ணா?" என்று கேட்டிருக்கிறார். மனிதர் பதறிப்போய், "நான் ஒண்ணும் எடுக்கல மேடம்" என்றாராம். வேணி இதை ஒரு வேடிக்கைக் கதையாக எங்களிடம் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

மனைவி இறந்து ஆறு வருடம். ஒரே மகளைக் கடலூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளியிருக்கிற காலனியில் ஒற்றை அறைத் தொகுப்பு வீடு. அடுத்த வீட்டில் விதவையான அக்கா ஆரோக்கியசெல்வி. சனிக்கிழமை காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்தால், பாண்டி வந்து, டவுன் பஸ் மாறி, எட்டரைக்கு மாடிப்படியில் நிற்பார். வேணி கதவைத் திறக்கும் வரை கூப்பிடவும் மாட்டார், தட்டவும் மாட்டார்.

முதல் நாள் வேணி நாற்காலியைப் போட்டு, "ஃப்ரீயா உக்காருங்கண்ணா" என்றிருக்கிறார். சவுரிராயன் நாற்காலியின் முன் விளிம்பில், நாலு விரல் அகலத்தில் உட்கார்ந்தார். முதுகு சாயவில்லை. கை இரண்டும் முழங்காலுக்கு நடுவே சேர்ந்திருந்தன. "இன்னும் ஃப்ரீயா" என்றார் வேணி. "ஃப்ரீயாத்தான் மேடம் இருக்கேன்" என்றார் அவர். எழுந்திரு என்று யாராவது சொன்னால் அந்த நொடியே எழுந்துவிடத் தயாரான உட்காரல் அது. எங்களுக்கோ அது பிரமாதமான போஸ். "அந்த உடம்புல என்ன ஒரு விறைப்பு பாருங்க" என்று வேணி சொல்வார், ஆறு தலையும் ஆடும். அவர் பாதி நாற்காலிக்கு மேல் எதற்காக உட்காருவதில்லை என்று எங்களில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் அசையாமல் இருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கோட்டக்குப்பத்துக் கொசு கையிலும் காதிலும் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகும், மனிதர் இமைகூட அசைக்கமாட்டார். முடிந்ததும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எங்கள் படங்களை ஒரு நாளும் பார்த்ததில்லை. "எம் மூஞ்சிதானே சார், அதுல இன்னா இருக்குது பாக்குறதுக்கு" என்பார்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை நல்ல மழை. வகுப்புக்கு நான் ஒருவன்தான் போயிருந்தேன். ஒருவனுக்கு என்ன பாடம் நடத்துவது என்று வேணியே வரைய உட்கார்ந்தார். பெரிய தாள், விரல் தடிமனில் கரித்துண்டு. ஒன்றரை மணி நேரம். தாளைப் பார்த்ததைவிட ஆளைப் பார்த்ததுதான் அதிகம். முடித்ததும் சுவரில் குத்தி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

எனக்குப் படம் பிடிக்கவில்லை. கழுத்து கொக்குக் கழுத்தாக இருந்தது. கை மண்வெட்டி அளவு. நாற்காலியே காணோம். வேணி திரும்பி வந்ததும், "அண்ணன் இப்படியா இருக்கார்?" என்று கேட்டேன்.

"இதுக்குப் பேரு எக்ஸ்பிரஷனிசம் மணிமாறன். உள்ள இருக்கறதை இழுத்து வெளிய போட்டா, வெளிய இருக்கறது கோணத்தான் செய்யும். ஆளைத் தேடாதீங்க. கோட்டைப் பாருங்க."

இந்த மாதிரிப் பேச்சு எனக்கு எரிச்சலைத்தான் கொடுக்கும். இருந்தாலும் மழை விடவில்லை, வேறு வேலையும் இல்லை. பார்த்தேன்.

காதுக்குக் கீழே ஒரு கோடு தொடங்கியது. கழுத்தில் இறங்கி, தோளில் ஏறி, முழங்கை வரைக்கும் கை எடுக்காமல் ஒரே இழுப்பு. தொடங்கிய இடத்தில் கன்னங்கரேல் என்றிருந்தது, கழுத்தின் நடுவில் சாம்பலாக மெலிந்து, முழங்கையில் அழுத்தம் தாங்காமல் கரி உடைந்து தூள் அப்பியிருந்தது. கழுத்து மேலே போகவில்லை, முன்னால் போனது. அதன் நுனியில் தலை தொங்கியது. தோளுக்கு நாலு கோடு. ஒன்றைப் போட்டு, போதாது என்று அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. எதையும் அழிக்கவில்லை. நாலையும் சேர்த்துப் பார்த்தால் தோள் நம் கண் முன்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தது. இடது கண் வெறும் கட்டைவிரல் தேய்ப்பு. வலது கண்ணில் இமை மட்டும் இருந்தது, தரையைப் பார்க்கிற இமை. கை இரண்டும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டியிருந்தன.

"அண்ணன் கையை முட்டிக்கு நடுவுலதானே வெச்சிருந்தார்?" என்றேன்.

"ஆமா. ஆனா அந்தத் தோளைப் போட்டதும் கை கீழே நிக்கல. அதுவா மேல வந்துடுச்சு" என்றார் வேணி. சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிடம் படத்தைப் பார்த்தார். "காலும் மடங்கல. நின்னுடுச்சு. அதான் நாற்காலியை விட்டுட்டேன்."

மழை விடக் காத்திருந்த சவுரிராயன் டீ கிளாஸோடு எங்கள் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. என் அறிவைக் காட்ட, "அந்தக் கழுத்து மூட்டை தூக்கித் தூக்கி வந்ததுங்க மேடம். கூட்ஸ் ஷெட் கழுத்து" என்றேன்.

"இல்ல சார்" என்றார் பின்னாலிருந்து. "மூட்ட தூக்குனா கழுத்து உள்ள போவும். குட்டையாவும். என்னோடது பாருங்க, குட்டை." தன் பிடரியைத் தொட்டுக் காட்டினார். உண்மைதான். அவருக்கு இருந்தது தடித்த, குட்டையான கழுத்து. இரண்டு வருடமாக நான் அதை நீளமாகவா வரைந்தேன், குட்டையாகவா? ஞாபகம் வரவில்லை. "இது நான் இல்ல மேடம்" என்றார்.

"பின்ன யாருண்ணா?"

"எங்க நைனா."

அப்பாவை அவர்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். வேணிக்கு அது பாராட்டாகப் பட்டிருக்க வேண்டும், சிரித்தார். சவுரிராயன் சிரிக்கவில்லை. டீ கிளாஸைத் தரையில் வைத்தார்.

"மேடம், இத்த அந்தாண்ட திருப்பி வெச்சிடுங்க" என்றார்.

வேணி தாளைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் குத்தினார். அந்த அறையில் எங்கள் மூன்று பேரைத் தவிர இன்னொருவர் இருக்கிறார் என்று தோன்றியது. பேய் பிசாசு என்று யாராவது பேசினால் எழுந்து போகிறவன் நான். ஆனாலும் தோன்றியது.

அன்று திண்டிவனம் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் வந்தோம். ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். கிளியனூர் தாண்டியதும், நான் கேட்காமலேயே, எதிர் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"எனுக்கு அப்ப எட்டு வயசு சார். எங்க நைனா பேரு தேவசகாயம். ஆண்டை வூட்டுல படியாளு."

படியாள் என்றால் வருடக் கூலியாகத் தானியம் வாங்கிக்கொண்டு ஒரே நிலக்காரர் வீட்டுக்கு உழைக்கிறவர். ஆடிப் பட்டத்துக்காக விதை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்து மூட்டை கட்டிக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். அதற்குக் காவல் தேவசகாயம். பையன் அப்பாவோடு கொட்டகையில் படுத்துக்கொள்வான். ஆறு நாள், தினமும், மூட்டையின் வாய்க்குள் கையை விட்டு டவுசர் பை நிறைய எடுத்துத் தின்றிருக்கிறான்.

"வறுக்காத பருப்பு சார். பால் மாரி இருக்கும். பசிக்குதுன்னு கூட சொல்ல மாட்டேன். ருசிக்குத்தான் துன்னேன்."

ஏழாம் நாள் மரக்காலால் அளந்தபோது குறைந்தது. ஆண்டை கத்தவில்லை, அடிக்கவுமில்லை. எடுத்தது யார் என்று சொல்கிற வரைக்கும் களத்தில் நில் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். தேவசகாயம் நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டித் தரையைப் பார்த்தபடி. ஆனி மாத வெயில். காலையில் நின்றவர் பொழுது சாய்கிற வரை நின்றார். பையன் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"பத்தடி தூரம் சார். எழுந்து போயி, நான்தான்னு சொல்லியிருக்கலாம்."

"எட்டு வயசுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"எட்டு வயசுல துன்னத் தெரிஞ்சிது."

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்திலும் களம் இருந்தது. தாத்தா காலத்தில் முப்பது ஏக்கர். அந்தக் களத்தில் யாரெல்லாம் நின்றார்கள் என்று நான் யாரையும் கேட்டதில்லை. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அது உறைத்தது, வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது.

தேவசகாயம் அன்று வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். பையனிடம் எதையும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்துக் காய்ச்சலில் செத்துப்போனார். அதுவரையும் கேட்கவில்லை.

"அவருக்குத் தெரியுமா தெரியாதான்றதுதான் சார் எனுக்குப் புரியாதது. தெரிஞ்சி நின்னிருந்தா, பையனுக்காக நின்னாருன்னு ஒரு இது இருக்கும். தெரியாம நின்னிருந்தா, சொம்மா நின்னாரு. ஒண்ணுத்துக்கும் இல்லாம நின்னாரு. இத்த நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. எம் பொஞ்சாதிக்குத் தெரியாது. சர்ச்சுல பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்ட கூட சொன்னதில்ல. சொல்லிட்டா முடிஞ்சி பூடும்ல."

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மழையில் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டுக்கொண்டு அவர் பாட்டுக்குப் போனார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தார், ஆனால் உட்காரவில்லை. கையில் வெளுத்த வேட்டி ஒன்று மடித்து வைத்திருந்தார்.

"மேடம், அந்தப் படத்த எனுக்குக் குடுப்பீங்களா?"

வேணி அதைச் சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அனுப்ப நினைத்திருந்தார். "திருப்பி வைக்கச் சொன்னீங்களேண்ணா" என்றார்.

"திருப்பி வெச்சா மட்டும் இன்னா மேடம், நிக்கிறாருதானே. தூங்க முடியல. கண்ண மூடுனா இங்க செவுத்தப் பாத்துக்கினு நிக்கிறாரு. அடுத்தவங்க வூட்டுல நின்னது போதும், நான் கூட்டிக்கினு போறேன். எங்ககிட்ட அவரு போட்டோ ஒண்ணு கூட இல்ல. கல்லற திருநாளு வருது. அக்காகிட்ட காட்டணும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. அப்பா களத்தில் நின்றபோது ஆரோக்கியசெல்விக்குப் பதினாலு வயது. அப்பாவுக்குத் தெரியுமா தெரியாதா என்று இந்த உலகத்தில் சொல்லக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான் மிச்சம். ஐம்பத்து நாலு வருடமாகச் சவுரிராயன், அக்கா அடுத்த வீட்டிலேயே இருந்தும், கேட்கத் தைரியமில்லாமல் இருந்திருக்கிறார். படத்தைச் சாக்காக வைத்துக் கேட்கப் போகிறார்.

வேணி கரி உதிராமல் இருக்க மருந்து அடித்து, தாளைச் சுருட்டி, அவருடைய வேட்டியாலேயே சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தார். ஒரு அம்மாள், "யாரு தவறிட்டாங்க, பேனரா?" என்று விசாரித்தாள். "ஆமாம்மா, எங்க நைனா" என்றார் சவுரிராயன். அந்த அம்மாள் அவர் வயதையும் சுருளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி மத்தியானம் என்னையும் வரச் சொல்லியிருந்தார். துணைக்கு என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அதற்குத்தான். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஆரோக்கியசெல்வி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நல்ல உயரம், அறுபத்தெட்டு வயதிலும் நூறு நாள் வேலைக்குப் போகிற உடம்பு. மெழுகுவர்த்தி பாக்கெட்டுகளும் சாமந்திப் பூவும் ஒரு கூடையில் தயாராக இருந்தன.

சவுரிராயன் கட்டிலில் தாளை விரித்து நாலு மூலையிலும் தம்ளர் வைத்தார்.

நான் எதிர்பார்த்தது, "இன்னாடா இது கிறுக்கல்" என்கிற மாதிரி ஏதாவது. அந்த அம்மாள் கழுத்தைப் பற்றியோ கையின் அளவைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு விரலை நீட்டி, தாளில் படாமல், காதிலிருந்து தோள் வரை அந்தக் கோட்டின் மேலேயே கொண்டுவந்தார். தோளில் நாலு கோட்டிலும் நாலு முறை விரல் இறங்கியது.

"யாரு போட்டது?" என்றார் என்னைப் பார்த்து. "அவங்க அன்னிக்கிக் களத்துக்கு வந்திருந்தாங்களா?"

வேணி அப்போது பிறக்கவே இல்லை.

"இப்பிடித்தான்டா நின்னாரு. கூழு எடுத்துக்கினு போனேன் நானு, குடிக்கல. நிமிந்து கூட பாக்கல." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகை நின்றதும் குரல் மாறியது. "எல்லாம் அவளாலதான்."

"யாருக்கா?" என்றார் சவுரிராயன்.

"வேற யாரு? அம்மாதான்."

சவுரிராயன் புரியாமல் நின்றார்.

"உனுக்குத் தெரியாது, நீ தூங்கிட்ட. அன்னிக்குப் படுக்கற நேரத்துல நைனா அவள கேட்டாரு. வெத உடைக்கப் போனவ நீதானே, நீதானே எடுத்தேன்னு. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லணுமே? தலையக் குனிஞ்சிக்கினு நின்னா. அதோட சரி. சாவுற வரைக்கும் நைனா அவகிட்ட பேசல. சோறு நான் போட்டாத்தான் துன்னாரு. திருடிக் கையால துன்ன மாட்டேன்னாரு. ரெண்டு வருசம்டா."

"அவங்க ரெண்டு பேரும் பேசாத ஆளுங்கன்னுதான்…" என்று ஆரம்பித்த சவுரிராயன் நிறுத்திவிட்டார்.

அவர் கேட்க வந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அப்பாவுக்குத் தெரியாது. பையனுக்காக அவர் நிற்கவில்லை. வேறு ஒருத்தி நின்றிருக்கிறாள், களத்தில் இல்லை, வீட்டுக்குள், ஒரு நாள் இல்லை, இரண்டு வருடம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம், அக்காவுக்கு ஒரு நாளும் தெரிய வராது. தம்ளரை எடுத்துவிட்டுத் தாளைச் சுருட்டினால் போதும். எனக்கே ஒரு கணம், சொல்லாதே மனுஷா என்று இருந்தது.

"நான்தான்க்கா" என்றார்.

"இன்னா நீ?"

"வெத மல்லாட்ட. நான்தான் எடுத்துத் துன்னேன். ஆறு நாளு." மூச்சு வாங்கினார். "என் டவுசர அம்மாதானே தோய்க்கும். பை முழுக்க செவப்புத் தோலு ஒட்டிக்கினு இருக்கும். அம்மாவுக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சிதான் சொல்லல."

ஆரோக்கியசெல்வி கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன், அடித்தாலும் ஆச்சரியமில்லை. இரண்டும் இல்லை. கட்டிலில் கிடந்த படத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிறகு கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே இறங்கி நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஓடாத குறை.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம். கோயில் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரிக்கும் நேரம் என்பதால் எல்லாரும் அவரவர் கல்லறையைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தேவசகாயத்தின் சிமெண்டுச் சிலுவை வழியோரமாகவே இருந்தது, புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, பேரெழுதி. ஆரோக்கியசெல்வி அதை நிற்காமல் தாண்டிப் போனார். நேராகக் கிழக்கு மூலைக்கு, மதிலோரத்துக்கு.

அங்கே ஒன்றுமில்லை. போன வருடம் ஜேசிபி வைத்து வேலிகாத்தான் முள்புதரைப் பிடுங்கி மேடு பள்ளத்தையெல்லாம் சமப்படுத்தியிருந்தார்கள். மழை பெய்த வெறும் செம்மண். அந்த அம்மாள் மதிலிலிருந்து அடி எண்ணி நடந்து பார்த்தார், திரும்பி வந்து மறுபடி எண்ணினார். மூன்றாம் முறை எண்ணவில்லை.

"அக்கா, அம்மாது எது?" என்றார் சவுரிராயன். அம்மா இறந்தபோது அவர் செங்குன்றம் பக்கம் செங்கல் சூளையில் இருந்தார், மூன்றாம் நாள்தான் ஊருக்கு வந்திருக்கிறார். அப்போதிருந்து கல்லறைத் திருநாளுக்கு அக்கா கூட்டிப்போவது அப்பாவிடம் மட்டும்தான். அம்மாவுடையது மழையில் கரைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

"தெரியலடா" என்றார் ஆரோக்கியசெல்வி. "பொதச்ச அன்னிக்கி வந்தது. அதுக்கப்பறம் நான் வரல. வேணும்னேதான் வரல. நைனாவ நிக்க வெச்சவளுக்கு இன்னாத்துக்கு மெழுகுவத்தின்னு வரல. நாப்பத்திரண்டு வருசம்."

"எல்லாம் என்னாலதான்க்கா…"

"நீ சும்மா இரு. உனுக்கு எட்டு வயசு. எனுக்குப் பதினாலு வயசுடா. ஒரே ஒரு தபா அவள கேட்டிருக்கலாம். எங்கிட்ட சொல்லியிருப்பா."

சவுரிராயன் மண்ணில் முட்டி போட்டார். கைதான் மெழுகுவர்த்தியை நட்டது, முகம் எங்கேயோ இருந்தது. காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து, இன்ன இடம் என்றில்லாமல், கைக்கு எட்டிய இடத்திலெல்லாம் நட்டார். இரண்டு பாக்கெட்டும் தீர்ந்துவிட்டது. நான் குடையை விரித்துக் காற்றுக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கொஞ்ச தூரத்தில் புதுக் கல்லறை ஒன்றுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவறான இடத்தில் ஏற்றுகிறார்களே என்கிற நல்லெண்ணத்தில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அம்மா, அது காலி எடம். அங்க யாரும் இல்ல."

"எங்கம்மா இருக்கா" என்றார் ஆரோக்கியசெல்வி. "பேரு பொன்னி."